கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பறவை பார்க்க வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்ன செய்யலாம்?

பென்னாகரம் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பென்னாகரம் ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015ல் ஆரம்பித்தது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. இரண்டிலும் நம் பக்கத்திலிருந்து பதிவு போடுகிறவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் யார் என்று யோசித்தேன். ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவர்கள், சனி ஞாயிறில் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள், அப்புறம் ஒன்றிரண்டு கல்லூரிப் பேராசிரியர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் எங்கே என்பதுதான் கேள்வி.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். விடுமுறையில் ஆடு மேய்க்கப் போவார்கள். ஆள்காட்டி எந்தத் தரிசில் முட்டை வைத்திருக்கிறது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் "பறவை பார்க்க வரீங்களா" என்று நோட்டீஸ் ஒட்டினால் அது டவுன் பிள்ளைகளுக்கு என்று அவர்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள்.

கையில் பெரிய பணம் இல்லை. எங்கே கூட்டிப்போவது, பைனாகுலருக்கு என்ன செய்வது, யாரிடம் அனுமதி கேட்பது, வீட்டு ஆட்களை எப்படி இழுத்து வருவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஏரிக்கரை

நல்ல இழை சார். எங்கள் குழுவிலிருந்து உதவி செய்யலாம். கெலவரப்பள்ளி அணை, ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, இந்த நான்கில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு வேன் பிடித்துக் கூட்டி வாருங்கள். நத்தைகுத்தி நாரை, புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம் என்று பெரிய பறவைகளாகப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய பறவைதான் சரி. இலைக்குள் ஒளியும் கதிர்க்குருவியைக் காட்டினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

சில விதிகள் மட்டும் கண்டிப்பாக வேண்டும். காலை 6 மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். ஒரு நடைக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பளிச்சென்ற உடை வேண்டாம், சத்தம் கூடாது. ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் மேலகிரிப் பக்கம் பாறைக்குன்றுகளுக்குக் கூட்டிப்போய் மஞ்சள்தொண்டைச் சின்னானைக் காட்டலாம். தீபகற்ப இந்தியாவின் இந்த மாதிரி பாறையும் புதருமான குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நம் மாவட்டத்துக்குப் பெருமை.

அஞ்செட்டிப் பெண்

ஏரிக்கரை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு விதியும் ஒரு வீட்டை வெளியே நிறுத்துகிறது.

6 மணிக்குக் கரையில் நிற்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் 4 மணிக்கு எழ வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஐப்பசியில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் கேழ்வரகுக்கு வந்து போகும். "விடியும் முன் வெளியே போகாதீர்கள்" என்று வனத்துறையே எச்சரிக்கிற மாதத்தில், பிள்ளையைப் பறவை பார்க்க விடியற்காலை அனுப்பு என்றால் எந்தப் பாட்டி அனுப்பும்? பொங்கல் கணக்கெடுப்பு சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது.

வேன் வாடகையை நீங்கள் போடலாம். ஆனால் கூட வரும் பெரியவருக்கு அன்றைக்குக் கூலி போய்விடும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உடை விஷயமும் அப்படித்தான். நல்லது கெட்டதுக்குப் போட என்று இருப்பது ஒரே ஒரு செட், அது சிவப்பாகத்தான் இருக்கும். வெளியூர் போகிற அன்றைக்குப் பிள்ளை அதைத்தான் போட்டுக்கொண்டு வரும். வரட்டும் அண்ணா.

நான் ஆடு மேய்த்த வீட்டுப் பெண். இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். பறவை பார்ப்பது என்று ஒரு பொழுதுபோக்கு இருப்பதே கல்லூரி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் பனங்காடை உழவு மாட்டுக்குப் பின்னால் வெட்டுக்கிளி பிடிக்கிறதைப் பார்க்காமல் ஒரு புரட்டாசியும் போனதில்லை. வேன் பிடித்து நாரை காட்டுவதை விட அவர்கள் ஊர்க் களத்துமேட்டில் உட்கார்ந்து பனங்காடையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அவர்கள்தான் காட்டுகிறவர்கள், நீங்கள் பார்க்கிறவர்.

மாங்காய் மண்டி

தினைப்புனத்தில் பரண்மேல் உட்கார்ந்து ஆலோலம் பாடிக் கிளி ஓட்டிய வள்ளி எந்த விதியைப் படித்தாள்? அவளும் மலைக்குறவர் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் தோப்பில் பெங்களூரா மாம்பழம் பழுக்கிற நேரம் கிளி ஓட்ட வரும் பசங்களைக் கேட்டால் எந்தக் கூட்டம் எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வான்கள். அதை எழுதி வாங்கினாலே உங்கள் கணக்கெடுப்பு முடிந்தது.

ஓசூர் ஏரிக்கரை

அஞ்செட்டித் தங்கை சொன்னதில் கூலி விஷயத்தை நான் யோசித்ததே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிப்போனால் எந்தப் பறவை நிற்கும்? கூடு தெரிந்த பையன் நான்கு பேரைக் கூட்டிவந்து காட்டுவான், நான்கு பேரில் ஒருத்தன் முட்டையை எடுப்பான். இருக்கிற ஆள்காட்டிக் கூடும் போய்விடும். பிள்ளைகளுக்கு வழி திறக்கிறோம் என்று பறவைக்கு வழியை அடைக்கக் கூடாது. சென்னைப் பக்கம் ஏரிகளில் கேமராக்காரர்கள் கூட்டைச் சுற்றி நிற்கிற கண்றாவியைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பென்னாகரம் வாத்தியார்

ஏரிக்கரை சார் கேட்டது நியாயமான கேள்வி. கூட்டுக்குக் கூட்டிப்போவது இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடலாம். கூடு தெரிந்தவன் தூரத்திலிருந்து திசையை மட்டும் சொல்லட்டும்.

நாற்பது பேர் விஷயத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. பள்ளி வளாகத்து வேம்பில் இருக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் போடும் சத்தம் பழகிப்போனது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் மைனாவும் காக்கையும் வாலாட்டியும் காலடியில் நிற்கின்றன. இவற்றைப் பார்க்க மூச்சை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

உண்டிவில் வைத்திருக்கிற பையன்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் ஒருவன், கையில் எப்போதும் உண்டிவில். தலைமை ஆசிரியர் பிடுங்கி வைத்தால் மறுநாள் புதிதாகச் செய்துகொண்டு வருவான். ஒரு நாள் அவனிடம் கரிச்சானைக் காட்டி, இது ஏன் எப்போதும் கம்பிமேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடு நடந்தா பூச்சி கிளம்பும் சார், அது மேலேர்ந்து பாக்குது. மாடு படுத்துட்டா அது வேற மாட்டுக்குப் போயிடும்" என்றான். குறி வைக்கிறவன் பறவை அடுத்து என்ன செய்யும் என்று கவனித்தே ஆக வேண்டும் அல்லவா? இப்போது நோட்டுப் போட்டுப் பறவை எழுதுகிற குழுவுக்கு அவன்தான் தலைவன். உண்டிவில்லை முழுசாக விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பள்ளிக்கு எடுத்து வருவதில்லை.

சித்தேரி மலை

நாங்கள் மலையாளி பழங்குடி, கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைக்காரர்கள். இந்த மாதிரி இழைகளில் யாரும் பேசாத இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

முதலாவது பயம். எங்கள் மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தனக்கட்டை சோதனை என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து அந்த ஊரைச் சூறையாடினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011ல்தான் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 2023ல் அதை உறுதி செய்தது. எங்கள் பெரியவர்களுக்குக் காட்டுப்பக்கம் நாலு பேர் நோட்டும் கேமராவுமாக வந்து "இங்கே என்ன பறவை இருக்கு, யார் பிடிக்கிறாங்க" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அது அறியாமை கிடையாது, பட்ட பாடு. ஒரு வீட்டில் கூண்டுக்கிளி இருந்தால்கூட 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிடுமோ என்றே அனுப்பாமல் இருப்பார்கள். அதனால் முதல் நாளிலேயே "யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டோம், எழுத மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

இரண்டாவது போட்டோ. போன வருடம் ஒரு குழு வந்தது. எங்கள் பிள்ளைகள் கையில் பைனாகுலரைக் கொடுத்தார்கள், வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். படம் முகநூலில் வந்தது. அந்தப் படத்தில் இருக்கும் பையனின் அப்பாவுக்கு அது வாட்ஸ்அப்பில் சுற்றி பெங்களூரில் போய்ச் சேர்ந்தது. என்ன நடந்தது என்று தெரியாமல் பதறிப்போய் ஊருக்குப் போன் பண்ணினார். வீட்டில் கேட்காமல் முகம் தெரிகிற படம் வேண்டாம்.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊர்ப் பெரியவரை வழிகாட்டியாகக் கூட்டிப்போனால் அவருக்குப் பணம் கொடுங்கள். டீ வாங்கிக் கொடுத்து "நன்றி ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். டவுனிலிருந்து வரும் நிபுணருக்குப் பயணப்படி உண்டு, மலையில் பிறந்து வளர்ந்தவருக்குச் சால்வை மட்டுமா?

பழைய வனக்காப்பாளர்

பணி ஓய்வு பெற்றவன். சித்தேரித் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. அந்தச் சீருடையைப் போட்டவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சமாதானம் பேச எனக்கு வாய் இல்லை.

அனுமதி பற்றி வாத்தியார் கேட்டதற்குப் பதில். காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் போக வன அலுவலரின் அனுமதி கட்டாயம். காவிரி வடக்குச் சரணாலயம் 2014லும் காவிரி தெற்குச் சரணாலயம் 2022லும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் நிறைய இடம் இப்போது அதற்குள் வந்துவிட்டது. முன்பு மாடு ஓட்டிப்போன தடம்தானே என்று பிள்ளைகளைக் கூட்டி நுழைந்துவிடாதீர்கள். ஊர் ஏரி, பள்ளி வளாகம், சாலையோரப் புளியமரம், பட்டா நிலம் (நிலத்துக்காரர் சம்மதித்தால்), இதற்கெல்லாம் எங்கள் துறையிடம் வர வேண்டியதில்லை. பிள்ளைகளோடு போகிற முதல் வருடம் காட்டுப்பக்கமே வேண்டாம் என்பேன். யானை ஒரு காரணம், கடிதப் போக்குவரத்து இன்னொரு காரணம்.

துறை வருடாவருடம் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நீர்நிலைப் பறவைகளுக்கு ஒரு முறை, நிலப்பறவைகளுக்கு ஒரு முறை. தன்னார்வலர்களாகக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். அஞ்செட்டிப் பெண் மாதிரி பிள்ளைகள் அதில் பெயர் கொடுக்க வேண்டும். ஏரி ஏரியாகப் போகிற குழுவில் ஊர்ப் பிள்ளை ஒன்று இருந்தால் ஊர்க்காரர் பேசுகிற விதமே மாறும்.

கண்ணாடிக்கடை

பைனாகுலர் பழுதுபார்க்கிறவன். இங்கே யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்லியே ஆக வேண்டும்.

நன்கொடையாக வரும் பைனாகுலர் பெரும்பாலும் பெரியவர்கள் பயன்படுத்தியது. 8x42, 10x50 இப்படி இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10x50 எடை கூடுதல், ஏழாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நிமிடம் பிடித்தால் கை நடுங்கும், பறவையும் சேர்ந்து நடுங்கும். இதையாவது கையை ஊன்றிச் சமாளிக்கலாம். கண் இடைவெளிதான் பெரிய சிக்கல். பைனாகுலரை நடுவில் மடக்கினால் இரண்டு கண் குழாயும் நெருங்கும். பல மாடல்கள் 56 மில்லிமீட்டருக்குக் கீழே நெருங்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கருவிழிக்கும் இடையே அதைவிடக் குறைவாக இருக்கும். ஒரு பக்கம் கறுப்பாக மறைக்கும். பிள்ளை "தெரியுது சார்" என்று சொல்லும், ஏனென்றால் சுற்றி நிற்கிற எல்லாரும் தெரிகிறது என்கிறார்கள். உண்மையில் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் ஆர்வம் போகிறது.

கொடுப்பதற்கு முன் மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்துக் கண் குழாய்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்து பாருங்கள், முழுசாக மடக்கிய நிலையில். 50க்குப் பக்கத்தில் வந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மலிவான சின்ன மடக்கு மாடல்கள் சில இதில் விலை உயர்ந்ததை விட மேல். கண்ணாடி போட்ட பிள்ளையென்றால் கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே மடித்துவிட வேண்டும். போடாத பிள்ளைக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். இடது கண்ணை நடுச் சக்கரத்தால் சரி செய்துவிட்டு வலது கண் குழாயைத் தனியாகத் திருகச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை பைனாகுலருக்குள் பறவையைத் தேடக் கூடாது. வெறும் கண்ணால் பறவையைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். சார்ட் பேப்பரைச் சுருட்டிக் குழாய் செய்து ஒரு வாரம் பழக்கினால் போதும், அதற்குப் பிறகு எந்தக் கருவியையும் பிடிப்பார்கள். சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கேட்டுப் பார்

நான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். இவ்வளவு நேரமும் "பார்ப்பது" பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்!

என்னிடம் பார்வையில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார வைத்துக் கேட்டால், எது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று சொல்வார்கள். செம்போத்து ஊம் ஊம் என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடும், குக்குறுவான் தட்டான் சுத்தியல் மாதிரி டொக் டொக்கென்று ஒரே சீராக அடிக்கும், ஆள்காட்டி ஊரையே எழுப்பும். அக்கா குயில் படிப்படியாக ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றுவிடும். கண் தெரிகிறவர்கள் பறவையைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பெயரைச் சொல்லி முடித்திருப்பார்கள். ஒரு குழுவில் பார்வையுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஜோடியாக நின்றால் பட்டியல் இரட்டிப்பாகும். மெர்லின் செயலியில் ஒலியை வைத்துப் பறவை சொல்லும் வசதி இருக்கிறது, இலவசம். ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அது சொல்வதை அப்படியே நம்பாமல் பிள்ளையின் காதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல விளையாட்டு. தூக்கணாங்குருவிக் கூடு காற்றில் விழுந்து கிடந்தால் எடுத்து வந்து கையில் கொடுங்கள். மழைக்காலம் முடிந்து குஞ்சு பறந்துபோன கூடுகள்தான் இந்த மாதத்தில் பனைமரத்தடியில் கிடக்கும். விரலை விட்டு உள்ளறையையும் நுழைகுழாயையும் தடவிப் பார்க்கும் பிள்ளைக்கு எந்தப் படமும் தேவையில்லை.

சக்கர நாற்காலிக்கு ஏரிக்கரை எல்லாமே சரி என்று நினைத்துவிடாதீர்கள். கரைமேல் ஏறுகிற சரிவில்தான் மாட்டிக்கொள்ளும். முன்கூட்டியே ஒருவர் போய் எங்கே வண்டி நிற்கும், எங்கே நிழல், கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அமெரிக்காவில் பேர்டபிலிட்டி என்ற அமைப்பு இந்த மாதிரித் தகவலை இடம்வாரியாக வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறது. நாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தாலே போதும்.

தாத்தா பாட்டிகளையும் மறக்காதீர்கள். ஒகேனக்கல் குடிநீர் 2013ல் வரும் வரை புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்த தலைமுறை அது. முதுகும் முட்டியும் பிடித்துப்போனவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களை இரண்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்ல முடியாது. நாலு நாற்காலி போட்டு ஒரே இடத்தில் உட்காருங்கள். தொலைநோக்கியைத் தாழ்வாக நிறுத்திக் கண் வைக்கும் இடத்தில் போனைப் பொருத்தினால் திரையில் பறவை தெரியும், குனியவும் வேண்டாம்.

பெங்களூர்த் தமிழன்

2020ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத்தவர்மேல் ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்ட சம்பவம் ஞாபகம் இருக்கிறதா? அதையடுத்துத்தான் அங்கே கறுப்பினப் பறவை ஆர்வலர் வாரம் தொடங்கியது. நம்மிடம் அந்த மாதிரி ஒரு வாரம் வைத்தால் என்ன?

அஞ்செட்டிப் பெண்

வைக்கலாம். ஆனால் அங்கே அந்த வாரத்தைத் தொடங்கியது கறுப்பின ஆர்வலர்களேதான். இங்கே நமக்காக வேறு யாரோ வாரம் வைத்து, மேடையில் அவர்களே பேசி, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்து அனுப்புவார்கள். வாரத்துக்கு முன்னால் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளில் நாலு பேர் தாங்களே நடை நடத்துகிற நிலைக்கு வரட்டும்.

காரிமங்கலம் அம்மா

நான் பறவை ஆள் இல்லை. என் மகள் எட்டாவது படிக்கிறாள், அவள்தான் இதைப் படிக்கச் சொன்னாள். அம்மாக்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

வயசுக்கு வந்த பிள்ளையை விடியற்காலையில் ஆம்பளைப் பசங்களோடு ஏரிக்கு அனுப்ப மாட்டோம். வாத்தியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, ஊர் பேசும். பிள்ளைக்கு ஆசை இருந்தாலும் எங்களுக்கு மனசு வராது. அதுவே சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன? நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் அதற்குள் வந்துவிடுவோம். மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற அன்றைக்கு வைத்தால் நாங்களும் உட்கார்ந்திருப்போம். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை, பக்கத்து ஏரிக்கு வேண்டுமானாலும் வருவோம். டாய்லெட் இருக்கிற இடமாகப் பாருங்கள், அது இல்லை என்றால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம். கறிக்கடைக்கும் துணி துவைக்கவும் அன்றைக்குத்தான் நேரம்.

ஓசூர் ஏரிக்கரை

அக்கா, சாயங்காலம் என்பது நல்ல யோசனை. நாங்கள் காலையையே பிடித்துக்கொண்டிருப்பது வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும் என்பதால்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அடையப் போகும் நேரம் அதைவிடவும் சுவாரசியமாக இருக்கும். உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டிப் போகும், கிளிகள் கத்திக்கொண்டே பெரிய ஆலமரத்தில் இறங்கும், மைனாக்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும். ஒரே இடத்தில் நின்று எந்தத் திசையிலிருந்து எத்தனை என்று எண்ணினால் போதும், நடக்கவே வேண்டாம். இந்த மாதத்தில் 6 மணிக்கு இருட்டிவிடும், அதனால் அதற்குமுன் முடித்துவிடலாம்.

தளி கன்னடத்தார்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கன்னடம், தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. ஒரே வகுப்பில் ஒருவன் மயில் என்பான், ஒருத்தி நவிலு என்பாள், இன்னொருத்தி நெமலி என்பாள். பட்டியல் அட்டையில் மூன்றுக்கும் இடம் விடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகளே நிரப்பிக்கொள்வார்கள். ஆர்லி பேர்ட் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் திட்டத்தில் பறவைச் சுவரொட்டிகளும் மடிப்புக் கையேடுகளும் தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. ஓசூர் சிப்காட் பக்கம் பீகார், ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இந்திச் சுவரொட்டியும் வாங்கி ஒட்டலாம்.

விடுதிக் காப்பாளர்

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, ஆதிதிராவிடர் நல விடுதி (2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர்), பெண்பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா பள்ளி, இவற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு ரொம்ப நீளமான நாள். காலை உணவு முடிந்தால் மாலை வரை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே கூட்டிப்போகக் கூட்டிப்போக மேலதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுதான் தலைவலி. ஆனால் விடுதி வளாகத்துக்கு உள்ளேயே நீங்கள் வந்து உட்காருவதாக இருந்தால் ஒரு கடிதம் போதும். மாதம் ஒரு தடவை தவறாமல் வருகிற ஒருவர் வேண்டும். ஒரு முறை வந்து பெரிதாக விழா நடத்திவிட்டுக் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டோம், பிள்ளைகள் அடுத்த மாதம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பென்னாகரம் வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. இதுவரை நான் எடுத்துக்கொண்டது:

பொங்கலுக்கு எதுவும் செய்யப்போவதில்லை. யானை, பண்டிகை, ஊருக்கு வரும் அப்பா அம்மா, எல்லாம் சேர்ந்த நாட்கள் அவை. அப்பாவோடு இருக்கக் கிடைக்கிற நாலு நாளைப் பிடுங்கி நான் காக்கை எண்ணச் சொல்ல மாட்டேன். பிப்ரவரிக் கணக்கெடுப்பில் வளாகத்துக்குள்ளேயே கலந்துகொள்கிறோம். குறைந்தது 15 நிமிடம் பார்த்தால் ஒரு பட்டியல் போடலாம். காலை வழிபாட்டுக்கு முன் ஒரு பட்டியல், சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு ஒன்று. பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் இபேர்டு இணையதளத்தில் பள்ளிக்கு ஒரே ஒரு கணக்கு, என் போனிலிருந்து போடுவேன். பிள்ளைகள் பெயரோ படமோ எதிலும் வராது.

அதுவரைக்கும் வாரம் ஒரு சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு, அம்மாக்கள் குழு கூடும் நாளில். முதல் மாதம் பைனாகுலரே கிடையாது, சார்ட் பேப்பர் குழாய்தான். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் பேசிவிட்டேன், ஆள்காட்டியையும் கௌதாரியையும் பற்றி அவர்தான் முதல் வகுப்பு எடுக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி அவருக்கு அரைநாள் கூலி ஏற்பாடு செய்திருக்கிறேன். "பறவையப் பத்திப் பேசக் கூலியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு இந்த வருடம் விடுப்பு.

ஓசூர் ஏரிக்கரை

சின்னான் எங்கேயும் போய்விடாது சார். எங்கள் குழுவிடம் மூன்று பைனாகுலர் சும்மா இருக்கிறது. கண்ணாடிக்கடை அண்ணன் சொன்னபடி இப்போதுதான் ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு 58ல் நின்றுவிட்டது, ஒன்று மட்டும் 51 வரை மடங்குகிறது. அந்த ஒன்றை அனுப்புகிறேன், திருப்பித் தர வேண்டாம். மற்ற இரண்டும் அம்மாக்களுக்கு ஆகுமா?

காரிமங்கலம் அம்மா

ஆகும். ஆனால் தம்பி, நான் காரிமங்கலம், வாத்தியார் பென்னாகரம். எங்கள் பள்ளியில் இதைச் செய்ய யாரிடம் பேசுவது? மகள் தலைமை ஆசிரியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறாள், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறாள்.

பென்னாகரம் வாத்தியார்

அக்கா, பெற்றோர் என்று நீங்களே போடுங்கள், கூட இன்னும் நாலு அம்மாக்கள் கையெழுத்து இருந்தால் நல்லது. சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் உங்கள் பள்ளியிலும் இருப்பார், மனுவை அவர் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் எண் கிடைத்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.